நிற்காத கனசதுரம்

கட்டடக்கலைக் கல்வியைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசவருவதற்கு முதலில் ஒரு சிறு மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பாதி தூரம் வந்தபின் இது அப்படியொன்றும் அந்நியமான விஷயமல்ல என்று உங்களுக்கே தோன்றக்கூடும். ஒரு நல்ல வரி எழுதாமலேயே கவிதைக்கொள்கை பேசுபவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஏறத்தாழ அதே நோய்தான். நோயாளிகளுக்கு வயது பதினெட்டு என்பதும், நோயைக் கொடுப்பவர்கள் ஆசிரியர்கள் என்பதும்தான் வித்தியாசம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களின் ‘பேஸிக் டிசைன்’ பயிற்சிகளை மதிப்பிட என்னை அழைத்திருந்தார்கள். இதை ஜூரி என்பார்கள். மாணவர் தன் வரைதாள்களைச் சுவரில் குத்திவைத்து, செய்துவந்த மாதிரியை மேசைமேல் வைத்துவிட்டு அருகே நிற்பார். எதிரே நாற்காலிகளில் நான்கைந்து பேர் அமர்ந்து கேள்வி கேட்பார்கள். அன்றைய பயிற்சி இதுதான்: ஒரு கனசதுரத்தை எடுத்து, வெட்டியும் கூட்டியும் கழித்தும், ‘இயக்கம்’ தெரிகிற ஓர் அமைப்பாக அதை மாற்றவேண்டும். பொருள், வெள்ளை மவுன்ட் போர்டு. நாற்பது மாணவர்கள், நாற்பது வெள்ளைப் பொருட்கள். இரண்டு மூன்று இரவு தூங்காத கண்கள். விரல்களில் கட்டர் கிழித்த இடத்தில் பிளாஸ்திரி.

ஒரு பெண் கனசதுரங்களை முறுக்கி முறுக்கி அடுக்கி உயரமாக ஒன்றைச் செய்திருந்தாள். அதன் பெயர் ‘ஆன்மாவின் விடுதலை’. விளக்கம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் ஒரு கனசதுரம் கழன்று விழுந்தது. அவள் பதறாமல் அதை எடுத்து செல்லோடேப்பால் ஒட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசினாள். நல்ல ஆங்கிலம். நடுவர்கள் தலையசைத்தார்கள். அவளுக்கு அடுத்து வந்த பையனின் மாதிரி தாழ்வாக, கனமாக இருந்தது. பெரியது அடியில், சிறியது மேலே. மேலே இருப்பது ஒரு பக்கமாக நகர்ந்திருந்தாலும் அடிக்கல்லின் விளிம்பைத் தாண்டவில்லை. “உன் கான்செப்ட் என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் ஒருவர். பையன் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தமிழில், “இப்படி வெச்சாத்தான் சார் நிக்கும்” என்றான்.

அறை சிரித்தது. கேட்டவர் கெட்டவரல்லர். கனிவாகவே சொன்னார்: “தம்பி, முதல் வருஷத்துல புவியீர்ப்பை மறந்துடணும். தெரிஞ்சதையெல்லாம் மறக்கத்தான் முதல் வருஷம்.”

பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பையனின் அப்பா விருதுநகர் பக்கம் கொத்தனார். பள்ளி விடுமுறைகளில் இவன் அப்பாவுடன் சித்தாளாகப் போயிருக்கிறான். சாரத்தின்மேல் செங்கல் சுமந்து ஏறியவனிடம்தான் புவியீர்ப்பை மறக்கச் சொன்னோம். ‘சொன்னோம்’ என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்று நான் வாய்திறக்கவில்லை. மதிப்பெண் தாளில் அவனுக்கு இரண்டு எண் கூட்டிப் போட்டேன், அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்த மௌனத்துக்கான பதில் என்றும் கொள்ளலாம்.

‘தெரிந்ததை மறத்தல்’ என்பது எங்கள் துறையில் ஒரு மந்திரம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் முதலாண்டில் நுழைந்தபோதும் முதல் நாள் முதல் வாக்கியமாக இதைத்தான் கேட்டேன். சிலிர்ப்பாக இருந்தது. எதை மறப்பது என்று கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலையா? அதை யாரும் சொல்லாமலே மறந்துவிடுவோம். உண்மையில் மறக்கச் சொல்லப்படுவது வேறு: கையும் காலும் உடம்பும் அதுவரை சேர்த்துவைத்த அறிவு. அடுப்படியில் எந்த உயரத்தில் மேடை இருந்தால் முதுகு வலிக்கும் என்பது, எந்தத் தாழ்வாரத்தில் மூன்று மணிக்கு உட்காரலாம் என்பது, மழை எந்தப் பக்கமிருந்து சாரலடிக்கும் என்பது. இவற்றை வைத்துத்தானே ஐயா கட்டடம் கட்டவேண்டும்?

எங்கள் வகுப்பில் முதல் பயிற்சி ‘புள்ளிகளால் ஓர் அமைப்பு’. ஏ3 தாளில் கறுப்பு மையால் புள்ளிகள் வைத்துச் சமநிலை, லயம், அழுத்தம் முதலியவற்றைக் காட்டவேண்டும். வகுப்பில் மதுரைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். மார்கழியில் இருபத்தொரு புள்ளிக் கோலத்தை ஒற்றைக் கையால் போட்டு முடிப்பவள். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்ற பேதமும், ஊடுபுள்ளியில் வரிசைக்கு வரிசை ஏன் ஒன்று குறைகிறது என்பதும், சிக்குக்கோலத்தில் கோடு எங்கே திரும்பினால் மூடிக்கொள்ளும் என்பதும் அவளுக்கு விரலில் இருந்தன. கட்டம், சமச்சீர், மாறுநிலை என்று பாடத்திட்டம் எதையெல்லாம் கற்பிக்க முயன்றதோ அதையெல்லாம் வாசலில் கற்றவள். அவள் புள்ளிப் பயிற்சியில் மூன்று முறை ‘ரிப்பீட்’ வாங்கினாள். கோலத்துக்கும் இந்தத் தாளுக்கும் தொடர்பு உண்டென்று ஆசிரியருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றாமல் போனதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. வகுப்பறையின் வாசலில் அவள் அதைச் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

(இப்போது சில கல்லூரிகள் கோலத்தைக் கண்டுகொண்டுவிட்டன. எப்படியென்றால், கட்டடத்தின் முகப்பில் ஜாலியாக அதை வெட்டி ஒட்டி ‘கோலத்தால் உந்தப்பட்ட முகப்பு’ என்று பெயர் வைப்பதாக. அது கோலத்தை மறப்பதைவிட மோசம்.)

இந்தப் பயிற்சிகள் எங்கிருந்து வந்தன என்பதை முதலாண்டில் யாரும் சொல்வதில்லை. 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் கிரோபியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில், எல்லா மாணவர்களும் முதலில் கடக்கவேண்டிய ஆயத்தப் பாடம் ஒன்று இருந்தது. அதை வகுத்தவர் யோஹன்னஸ் இட்டன். விசித்திரமான மனிதர். மூச்சுப்பயிற்சியோடு வகுப்பைத் தொடங்குவார். அவருடைய ஆன்மிகக் குழுவின் பூண்டு மணக்கும் சைவ உணவு பள்ளிச் சமையலறை வரைக்கும் வந்தது. ஆனால் அவர் வகுப்பில் பொருள் இருந்தது. சொரசொரப்பு, வழவழப்பு, கனம், மென்மை என்று மாணவர்கள் பொருட்களைத் தொட்டறிந்து, பிறகுதான் வரைந்தார்கள். 1923இல் அவர் விலகியபின் மொஹோலி-நாகியும் யோசெஃப் ஆல்பர்ஸும் அந்தப் பாடத்தை ஏற்றார்கள்.

ஆல்பர்ஸைப் பற்றி அவருடைய மாணவர் ஹான்னஸ் பெக்மன் பின்னாளில் நினைவுகூர்ந்த ஒரு சம்பவம் உண்டு. ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு வகுப்புக்கு வருகிறார். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, இதை வீணாக்காமல் இதிலிருந்து எதையாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். திரும்பி வந்து பார்த்தால் முகமூடிகள், படகுகள், கோட்டைகள், விமானங்கள், விலங்குகள். இவையெல்லாம் மழலையர் பள்ளிச் சரக்கு, வேறு பொருளில் இதைவிட நன்றாகச் செய்யலாமே என்று ஒதுக்குகிறார். பிறகு ஓர் இளம் ஹங்கேரியர் செய்திருந்ததைக் காட்டுகிறார். அவர் தாளை நீளவாக்கில் மடித்திருந்தார், வேறொன்றும் செய்யவில்லை. தட்டி போல அது நின்றது. தளர்ந்து விழும் தாள் ஒரே மடிப்பில் விறைப்பாகிறது. அந்தப் பொருளால் மட்டும் முடிந்த காரியம் அது என்கிறார் ஆல்பர்ஸ்.

இதைப் படித்தபோது எனக்கு விருதுநகர்ப் பையனின் குரல்தான் கேட்டது. இப்படி வைத்தால்தான் நிற்கும். ஆல்பர்ஸ் அந்த ஜூரியில் இருந்திருந்தால் யாரைப் பாராட்டியிருப்பார், எதைக் குப்பையில் போடச் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே ‘மேற்கிலிருந்து இறக்குமதியான கல்விமுறை’ என்று பொத்தாம்பொதுவாகத் திட்டிவிட்டுப் போவது என் நோக்கமல்ல. இறக்குமதி செய்தவர்கள் பெட்டியைக் கொண்டுவந்தார்கள், உள்ளே இருந்ததை அங்கேயே கொட்டிவிட்டார்கள் என்பதே என் புகார். பௌஹவுஸில் ஆயத்தப் பாடம் முடித்த மாணவர் நேராகப் பட்டறைக்குப் போனார். தச்சு, உலோகம், நெசவு, மட்பாண்டம், சுவரோவியம். கட்டடக்கலைக்கென்று அங்கே ஒரு துறை 1927இல்தான் வந்தது. பட்டறைக்குப் போகும் வாசற்படியாக இருந்த ஒன்றை நாம் பெயர்த்தெடுத்து வந்து, பட்டறையே இல்லாத ஊரில் நட்டுவைத்து, அதைத் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டிருக்கிறோம். இன்று பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் தொடும் பொருள் தாள், மவுன்ட் போர்டு, தெர்மோகோல், பசை. எல்லாமே வேறொன்றின் பிரதிநிதிகள். எதற்கும் தன் கனம் இல்லை.

தற்செயலான ஒரு ஒற்றுமையைச் சொல்லவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் துறை தொடங்கியது 1957இல். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பள்ளியாக ஆனது அதுதான். மாமல்லபுரத்தில் சிற்பத்துக்கும் மரபுக் கட்டடக்கலைக்குமான அரசுப் பயிற்சி நிலையம் தொடங்கியதும் அதே 1957இல். இரண்டுக்கும் இடையே சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஒன்றில் தாளும் பென்சிலும், மற்றதில் கல்லும் உளியும். நான் படித்த கல்லூரியிலிருந்து ஐந்தாண்டில் ஒரே ஒருமுறை மாமல்லபுரம் போனோம். ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், கடற்கரைக் கோயில் முன்னால் புகைப்படம் எடுத்துக்கொண்டோம். ஒரு மணிநேரம் உளி பிடித்திருந்தால், கருங்கல்லில் ஒரு நேர்கோடு என்றால் என்ன விலை என்று மணிக்கட்டுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு குரல் எழும் என்று தெரியும்: “அப்படியானால் மயமதத்தையும் மனையடி சாஸ்திரத்தையும் முதலாண்டில் வையுங்கள்.” வேண்டாம். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் விதிக்கும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் கான்செப்ட்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. ஏக்கக்காரர்களிடமும் எனக்கு உடன்பாடு கிடையாது. திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று நாம் உருகும் வீட்டை ஒரு மாணவர் அளந்து வரைவதாக வைத்துக்கொள்வோம். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் கீழே நிற்கவேண்டும், யார் கொல்லைப்புறமாக மட்டுமே வரலாம் என்பதையும் சேர்த்துத்தான் அவர் வரைந்தாக வேண்டும். இரண்டரை அடி உயரத் திண்ணை என்பது வெறும் உயரமல்ல. அளவு என்பது இப்படி எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிடும் என்பதால்தான் அதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கான்செப்டுக்கு வருகிறேன். இது உங்கள் தொழில் சார்ந்தது. முதலாண்டு ஸ்டூடியோவில் பொருள் இல்லாததால் அந்த வெற்றிடத்தைச் சொல் நிரப்புகிறது. செய்த பொருளுக்கு வெளியே ஒரு விளக்கம் இருந்தாக வேண்டும், அந்த விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும், அதில் ‘பயணம்’, ‘விடுதலை’, ‘அடையாளம்’ ஆகியவற்றுள் ஏதாவதொன்று வந்தாக வேண்டும். பலர் முதலில் மாதிரியைச் செய்து முடித்துவிட்டு, ஜூரிக்கு முந்தைய இரவு அதற்கொரு கான்செப்ட் தேடுவார்கள் என்பது எல்லோரும் அறிந்த ரகசியம். நல்ல கவிதைக்குக் கோனார் நோட்ஸ் தேவையில்லை என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். இங்கே கோனார் நோட்ஸ் எழுதத் தெரிந்தால் போதும், கவிதை தேவையில்லை. இந்தப் பயிற்சியின் முதிர்ந்த வடிவம்தான் தாமரை போன்ற கட்டடம், கப்பல் போன்ற கட்டடம், வீணை போன்ற கட்டடம். உவமையை அப்படியே கான்கிரீட்டில் ஊற்றிவிடுவது. உள்ளே எங்கே ஜன்னல் வைப்பதென்று பிறகு யோசிப்பார்கள்.

தமிழ்வழியில் படித்து வரும் மாணவர் இந்தச் சொல்வேள்வியில் இரண்டு முறை தோற்கிறார். ஆங்கிலத்தில் தோற்பது முதல் முறை. தமிழில் தான் அறிந்தது அறிவே அல்ல என்று நம்பத் தொடங்குவது இரண்டாவது முறை. கொத்தனாரின் மொழியில் எவ்வளவு துல்லியம் இருக்கிறது தெரியுமா? தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், மட்டப்பலகை, ஒன்பது அங்குலச் சுவர், நாலரை அங்குலச் சுவர். மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நூல் பிடித்துச் செங்கோணம் எடுக்கும் மனிதருக்கு பிதாகோரஸ் என்ற பெயர் தெரியாமலிருக்கலாம், மூலை கோணாமல் வந்துவிடும். இந்தச் சொற்களில் ஒன்றுகூட என் ஐந்தாண்டுப் படிப்பில் வகுப்பறைக்குள் ஒலிக்கவில்லை. படித்து முடித்து முதல் தளத்துக்குப் போனபோது மேஸ்திரி பேசியது எனக்குப் புரியவில்லை. என் தாய்மொழிதான்.

நிழலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலாண்டில் சியோகிராஃபி என்று ஒரு பாடம், நிழல் வரையும் கலை. பிரெஞ்சுக் கலைப்பள்ளி மரபிலிருந்து வந்த ஒரு வழக்கப்படி வெளிச்சம் இடது மேல்பக்கத்திலிருந்து நாற்பத்தைந்து பாகையில் விழுவதாகக் கொண்டு வரைவோம். வரைவதற்கு வசதியான வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் வெளியே நிஜமான சூரியன் ஒன்று இருக்கிறதல்லவா? சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இராது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், வடக்குச் சுவரில் வெயில் ஏறும். வடக்கு என்றாலே குளிர்ந்த வெளிச்சம் என்று ஐரோப்பியப் புத்தகத்தில் படித்துவிட்டு, வடபக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, மே மாதத்தில் அதன் பின்னால் திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அலுவலகங்கள் எத்தனையோ. ஒரு மூங்கில் குச்சியும் ஒரு முழு ஆண்டும் போதும் இதைக் கற்பிக்க. முதலாண்டு மாணவரிடம் இரண்டும் இருக்கின்றன.

“இப்படிப் போனால் கற்பனை செத்துவிடும், நீங்கள் மேற்பார்வையாளர்களைத் தயாரிக்கிறீர்கள், கலைஞர்களை அல்ல” என்று ஜூரி முடிந்ததும் ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். மரியாதைக்குரிய மறுப்பு. லாரி பேக்கரின் ‘எலிப்பொறிக் கட்டு’ சுவர்களை அவருக்கு நினைவூட்டினேன். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே ஒரு வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஏறத்தாழக் கால்வாசிச் செங்கல் மிச்சம், உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் வெக்கையும் குறைவு. பழைய உத்திதான். அதைத் திருவனந்தபுரத்தில் ஏழைகளின் வீட்டிலும் ஆய்வு நிறுவனத்திலும் ஒன்றுபோலப் பயன்படுத்தியது பேக்கரின் கற்பனை. செங்கல்லின் மூன்று அளவுகளும் கைக்குத் தெரியாத ஒருவருக்கு இந்தக் கற்பனை உதிக்க வழியே இல்லை. பேக்கர் பர்மிங்ஹாமில் முறையாகப் படித்தவர்தான். ஆனால் இமயமலை கிராமமொன்றில் வாழ்ந்த ஆண்டுகளில், தான் படித்தது அங்கே செல்லாது என்பதையும், ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது செல்லும் என்பதையும் கண்டுகொண்டவர். அவரும் மறந்தார், ஒப்புக்கொள்கிறேன். மறந்தது கல்லூரியில் படித்ததை.

இன்னொன்றையும் சொன்னேன். 1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி தங்கள் அறிக்கையில் மிக உயர்வாக எழுதியது லோட்டாவைப் பற்றி, அதாவது நம் வீட்டுச் செம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் கொள்ளும், இடுப்பிலா தலையிலா சுமப்பது, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் கனம் எங்கே நிற்கிறது, எப்படி ஊற்றுகிறது, எப்படித் துலக்குவது, என்ன விலை என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். முதலாண்டுப் பாடத்திட்டம் முழுவதையும் ஒரு செம்பில் அடக்கிவிட்டார்கள். நாம் அதைக் கடந்து வந்து ‘ஆன்மாவின் விடுதலை’ செய்துகொண்டிருக்கிறோம். பேராசிரியர் சிரித்தார். அடுத்த ஆண்டு பாடத்திட்டக் குழுவில் பேசிப்பார்ப்பதாகச் சொன்னார். சொல்வார்கள்.

என்னிடம் விட்டால் முதல் பருவம் முழுவதும் ஒரு படிக்கட்டுதான். தன் வீட்டுப் படிக்கட்டு அல்லது பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு. ஒவ்வொரு படியின் உயரத்தையும் மிதியின் அகலத்தையும் அளக்கவேண்டும். பாட்டி ஏறும்போது எங்கே கைப்பிடியைத் தேடுகிறாள், குடத்தோடு இறங்குபவர் எங்கே நின்று மூச்சுவாங்குகிறார் என்று பார்க்கவேண்டும். இரண்டு படியுயரமும் ஒரு மிதியகலமும் சேர்ந்தால் ஒரு நடையடி வரவேண்டும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரான்சுவா புளோந்தெல் எழுதினார். இன்றைய கணக்கில் சுமார் 60 முதல் 65 சென்டிமீட்டர். வீடுகளில் படி 19 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மிதி 25க்குக் குறையக்கூடாது என்கிறது நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. இந்த எண்களை முதலில் சொல்லக்கூடாது. முட்டி வலித்தபின் சொல்லவேண்டும். பிறகு அதை 1:20 அளவில் வெட்டுத்தோற்றமாக வரையட்டும். கடைசியில் மூன்றே மூன்று படிகள், செங்கல்லோ மரமோ, நிஜ அளவில் கட்டட்டும். ஜூரி அதன்மேல் ஏறி இறங்கட்டும். லயம், சமநிலை, அளவு, விகிதம் எல்லாம் அதில் இருக்கின்றன. விளக்கம் தேவைப்படாது. விழுந்தால் தெரிந்துவிடும்.

ஜூரி முடிந்து தேநீருக்குக் கீழே இறங்கினோம். அந்தப் பையன் தன் மாதிரியை ஒரு துணிக்கடைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்தான். அவன் ஊரைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் கேட்டதெல்லாம் அப்போதுதான். பேச்சு சுவாரசியத்தில் கடைசிப் படியில் எனக்குக் கால் இடறியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“கடைசிப் படி மட்டும் ஒரு இஞ்ச் தாழ்வு சார். கீழ பின்னால டைல்ஸ் போட்டிருக்காங்க. அப்ப தரை ஏறிடுச்சு, படியக் கணக்குல எடுக்கல. தினமும் யாராச்சும் தடுக்குறாங்க.”

“அளந்து பார்த்தியா?” என்றேன்.

“இல்ல சார். கால்லயே தெரியுது.”